பதினோரு கிழிசல்

“என் அலமாரிக்கு ஒரு பூட்டு வேணும்” என்று அப்பாவிடம் கேட்டேன்.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்குப் பன்னிரண்டு வயதானபோதே அவள் சொல்லிவைத்திருந்தாள்: “அப்பாகிட்ட எதை வேணா கேளு. பூட்டு மட்டும் கேக்காதே.”

காரணம் எனக்கும் தெரியும். அப்பாவின் அம்மா ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். அந்த வீட்டின் பின்கட்டில் அப்பா வளர்ந்தார். அவர் தலையைக் கண்டால் சர்க்கரை டப்பாவிலிருந்து குளியலறைவரை பூட்டுவார்களாம். சாவிக்கொத்தின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவர் தோள் ஒரு முறை குலுங்கும். தனக்கென்று வீடு அமைந்ததும் வாசற்கதவைத் தவிர எதற்கும் பூட்டு கிடையாது என்று முடிவு செய்துவிட்டார். இரண்டு அறை வீடு. அலமாரிகள் வாயைப் பிளந்தபடி நிற்கும். குளியலறைத் தாழ்ப்பாள்கூடப் பேருக்குத்தான்.

“யார்கிட்டேருந்து பூட்டணும்?” என்றார் அப்பா. “என்கிட்டேருந்தா, உங்கம்மாகிட்டேருந்தா? மூணாவதா இங்க யாரும் இல்லையே.”

“யார்கிட்டேருந்தும் இல்லப்பா. என் சாமான் என் சாமானா இருக்கணும். அவ்வளவுதான்.”

“கேட்டியா?” என்றார் அம்மாவிடம். “பட்டதாரியம்மா சாமானைப் பிரிச்சுக்கறாங்க. நாளைக்கு அடுப்பையும் பிரிப்பாங்க.”

அதோடு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். “சொன்னேனா இல்லையா?” என்று அம்மா என்னைப் பார்த்தாள். இது நடந்தது புதன்கிழமை. சனிக்கிழமை மாநாடு.

காமிக்ஸ், சினிமா, வீடியோ கேம் ரசிகர்கள் வருடத்துக்கு ஒரு முறை கூடும் மாநாடு அது. பிடித்த கதாபாத்திரம்போல உடுத்திக்கொண்டு வருவதை காஸ்ப்ளே என்பார்கள். சிலர் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். என்னைப்போன்ற பைத்தியங்கள் நான்கு மாதம் உட்கார்ந்து சொந்தக் கையால் செய்வோம். எனக்குப் போட்டோவோ கைதட்டலோ பெரிதில்லை. அங்கே நடக்கும் கைவேலைப் போட்டிக்கு நடுவராக வருகிற அம்மாள் ஓர் ஆடைப் பட்டறை நடத்துகிறார். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் புதுத் துணியைப் பழசாக்கிக் கொடுக்கிற பட்டறை. போரில் கிழிந்த சட்டை, பத்து வருடம் சிறையில் கிடந்தவனின் கால்சட்டை, எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. வருடத்துக்கு ஒரே ஓர் ஆளை, இந்தப் போட்டியிலிருந்து மட்டும், வேலைக்கு எடுப்பார். அந்த ஓர் இடம்தான் எனக்கு வேண்டும்.

ஏனென்றால் நான் இப்போது பார்க்கும் வேலை, வாஷிங்மெஷின் ஓடவில்லை என்று போனில் கத்துகிறவர்களிடம் “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்வது. எங்கள் பரம்பரையில் முதல் டிகிரி என்னுடையது. அதை வைத்து நான் செய்வது வருந்துவது.

நான் போட இருந்தது ஒரு விளையாட்டில் வரும் வாசல்காரியின் வேஷம். கோட்டையின் கடைசி வாசலைத் தனியாளாகக் காத்தவள். அவளுடைய நீல மேலங்கியில் பதினோரு கிழிசல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சண்டையில் வந்தது. ஆடுகிறவர்களுக்கு அந்தப் பதினொன்றும் மனப்பாடம்.

பதினொன்றையும் நான் உருவாக்கினேன். கத்தியால் கீறினேன், உப்புக்காகிதத்தால் தேய்த்தேன், கம்பி பிரஷ்ஷால் நூல்நூலாகப் பிய்த்தேன். ஓரத்தை மெழுகுவத்தியில் கருக்கினேன். இரும்புத் துண்டுகளை வினிகரில் ஊறப்போட்டுத் துருத் தண்ணீர் எடுத்து, தோள்பட்டையில் கவசம் உரசும் இடத்தில் மட்டும் தடவினேன். டீத்தூளைக் கொதிக்கவைத்து ஓரங்களை நனைத்தேன். மொட்டைமாடி வெயிலில் வாரக்கணக்காகக் காயவைத்துக் கழுத்துப்பக்கத்தை வெளிற வைத்தேன். பழசு என்பது அழுக்கு அல்ல. எங்கே கை படும், எங்கே படாது, எங்கே மழை ஒழுகும் என்று யோசித்து யோசித்துச் செய்வது.

கவசத்தை என் சிநேகிதியின் அறையில் வைத்திருந்தேன். ஆபீசில் பக்கத்து நாற்காலி. வாடிக்கையாளர் திட்டும்போதும் கொட்டாவி விடுவாள் என்பதால் அவள் பெயரே கொட்டாவி. அவள் அறைக்கு மாடி இல்லை, வெயிலும் வராது. அதனால் மேலங்கி மட்டும் எங்கள் வீட்டில், ஜிப் வைத்த உறைக்குள், என் அலமாரியில்.

மாறுவேஷப் போட்டி என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கிழிசல்தான் வேஷம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம் சொல்வது? அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். வரிசையின் கடைசியில், டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, வருகிற ஒவ்வொரு சட்டையிலும் விட்டுப்போன தையலையும் தொங்கும் நூலையும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அப்பா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில். டீக்கறைக்கு ஒரு புட்டி, துருக்கறைக்கு ஒரு புட்டி என்று அவர் கையில் இல்லாத மருந்து இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒருத்தி கிழிசலைத் தேடுகிறாள், ஒருவர் கறையை எடுக்கிறார். இந்த இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்த பெண் மாடியில் உட்கார்ந்து நல்ல துணியைக் கிழித்துக் கறையேற்றிக்கொண்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? பூட்டு கேட்பது அதைவிடச் சுலபம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை நான் உறையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள். புதன்கிழமைக் கோபம் எதுவும் அப்பாவின் முகத்தில் இல்லை.

“நல்லா நிமிர்ந்து நில்லு கண்ணு” என்றாள் அம்மா. “யாருக்கும் நீ குறைச்சல் இல்ல.”

எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பஸ் வந்துவிட்டதால் ஓடினேன்.

அரங்கின் வாசலில் ஒரே நெரிசல். இறக்கை கட்டிய பெண் ஒருத்தி கதவில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டாக நகர்ந்தாள். இரும்பு மனிதனாக வந்தவன் தலைக்கவசத்தின் வாய் ஓட்டைக்குள் ஸ்ட்ராவை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். என் ஈட்டியைக் காவலாளி வளைத்துப் பார்த்து, ரப்பர்தான் என்று தெரிந்ததும் மஞ்சள் பட்டை கட்டிக் கொடுத்தார். போட்டி எண் நாற்பத்து மூன்று. பதினொன்றரைக்கு நடுவர் மேஜை. கொட்டாவி கவசப் பையோடு காத்திருந்தாள்.

பெண்கள் உடைமாற்றும் அறையில் கவசத்தை மாட்டி, வார்களை இறுக்கி, கடைசியாக உறையின் ஜிப்பை இழுத்தேன்.

உள்ளே வெள்ளை டிஷ்யூ காகிதம். ஹோட்டலில் விருந்தாளியின் சட்டைக்குப் போடுகிற காகிதப் பட்டை. அதற்குள் நீல மேலங்கி, நான்கு மூலையும் ஒட்டி, கத்திபோன்ற மடிப்போடு.

பிரித்து உதறினேன். கறை ஒன்றுகூட இல்லை. துரு இல்லை, டீ இல்லை. கிழிசலும் இல்லை. விரலால் தடவித் தேடினேன். கீழ் மடிப்புக்குள்ளிருந்தே நூலை உருவியெடுத்து, அதே நூலால், நெசவு நெசவாக, பதினொன்றையும் அம்மா அடைத்திருந்தாள். கருகிய ஓரங்களைக்கூட வெட்டி உள்ளே மடித்து மறைத்திருந்தாள். நேற்று நான் ஆபீசில் எண்பது பேரிடம் வருந்திக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் லீவு போட்டிருக்கிறார்கள். என் பட்டமளிப்பு விழாவுக்கு அரை நாள் லீவு கிடைக்காத அம்மா.

கொட்டாவி வாயை மூடினாள். அதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“கத்தரி இருக்கா?” என்றேன்.

“இருக்கு. கிழிச்சிடலாம்டி. நாற்பது நிமிஷம் இருக்கே.”

தோள் பக்கத்தில் ஒரு இடத்தை வெட்டினேன். கத்தரியால் வெட்டிய துணி கத்தரியால் வெட்டிய துணி மாதிரியே இருந்தது. கவச முனையில் உரசினேன். பஞ்சு கிளம்பியது, பழசு கிளம்பவில்லை. கொட்டாவி ஓடிப்போய்க் காகிதக் கோப்பையில் டீ வாங்கிவந்தாள். ஓரத்தில் ஊற்றினோம்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“டீ கொட்டின மாதிரி இருக்கு” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வெட்டுக்குக் கத்தரியை வைத்தபோது விரலுக்கடியில் அம்மாவின் தையல் நெருடியது. ஒரு அங்குலத்தில் முப்பது பிடிப்பு இருக்கும். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறவள் நான் இல்லாமலே இதைச் செய்திருக்கிறாள். கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அழலாம் என்றால் முகத்துச் சாயம் கலையும். யாரையாவது திட்டலாம் என்றால் திட்டுகிற மாதிரி யாரும் ஒன்றும் செய்யவில்லை.

வெளியே வந்ததும் அதே விளையாட்டின் அரசனாக வேஷம் போட்ட ஒருவன் வழிமறித்து என்னைச் சுற்றி வந்தான்.

“வாசல்காரி சிஸ்டர், கிழிசல் எல்லாம் எங்க? இன்னைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டீங்களா?”

“தள்ளுடா” என்றாள் கொட்டாவி. “உன் கிரீடத்துல இன்னும் விலைச்சீட்டு தொங்குது.”

நடுவர் மேஜையில் அந்தப் பட்டறை அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்திருந்த வேலைப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாடியில் காயும் மேலங்கி, மூன்றாவது கிழிசலின் கருகல், துருவேறிய தோள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இது வேற துணியா?”

“இல்ல மேடம். அதே துணிதான்.”

“கழட்டு.”

கழற்றி மேஜைமேல் விரித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியைப் புரட்டி விளக்குக்கு எதிரே பிடித்தார்.

“இதை நீ செஞ்சியா?” என்றார். குரலே மாறியிருந்தது. “இந்த மாதிரி அடைக்கற கையை நான் பாத்தே பதினஞ்சு வருஷம் இருக்கும்.”

நான் செய்தேன் என்று சொன்னால் போதும். அந்த இடம் எனக்குத்தான். அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. போட்டிப் படிவத்தில் ‘வேறு ஒருவர் கை பட்டிருந்தால் குறிப்பிடவும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வியாழக்கிழமையே நான் அதில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பொய்யைக்கூடப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும்.

அவர் துணியை இன்னொரு முறை புரட்டினார். உள்மடிப்பில், நகத்தளவு, ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கிழிசலிலும் அம்பு ஒட்டி, பத்தை எடுத்துவிட்டு ஒன்றை விட்டிருக்கிறாள் அம்மா. எந்தச் சட்டையிலும் எதையும் விடாதவள்.

“இது என்ன?”

“எங்கம்மா ஒட்டினது” என்றேன். “தையலும் அவங்களுதுதான். அவங்க செக்கர். கிழிச்சது நான், பழசாக்கினது நான். நேத்து அவங்களும் அப்பாவும் சேர்ந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்க.”

“சரி பண்ணிட்டாங்களா!” என்றார். சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா தெரியவில்லை. படங்களை மறுபடி எடுத்தார். “வேலை நல்லா தெரியுது. ஆனா படத்தைத் தொட்டுப் பாக்க முடியாதேம்மா. நாற்பத்தி ரெண்டு பேர் துணியைத் தொட்டுப் பாத்திருக்கேன். உனக்கு மட்டும் படத்தைப் பாத்துக் குடுத்தேன்னா அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

நியாயமாகப் பேசுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

“அடுத்த வருஷம் வா. கிழிசலோட வா.” பிறகு தன் முகவரி அட்டையை எடுத்து நீட்டினார். நான் கையை நீட்டியபோது சொன்னார்: “இது உங்கம்மாவுக்கு. பட்டறைல தைக்கறதுக்கு ஆள் தேடிக்கிட்டே இருக்கேன். ஒரு தடவை வந்து பாக்கச் சொல்லு.”

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன். நாளைக்கு எண்பது தடவை வருந்திப் பழகிய வாய்.

பஸ்ஸில் கவசப் பை எங்கள் இரண்டு பேர் மடியிலும் கிடந்தது. கொட்டாவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று நிறுத்தம் தாண்டியதும் கேட்டேன்.

“உன் ரூம்ல அந்த இன்னொரு கட்டில் இன்னும் காலியா?”

“நாலு மாசமா சொல்றேன், காலின்னு.”

“பெரிய அண்டா இருக்கா? டீத்தூள் கொதிக்க வைக்கணும்.”

“வாங்கிக்கலாம். வெயில்தான் இல்ல.”

“வெயிலுக்கு வேற மாடி பாக்கலாம். இன்னைக்கே வரேன்.”

அவள் நிறுத்தம் வந்ததும் பையோடு இறங்கிக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போனேன். அங்கே இரண்டு பேரும் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த சேலைகூட அம்மா மாற்றவில்லை.

“என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?”

“உன் தையலைப் பாத்து அசந்துட்டாங்கம்மா. பதினஞ்சு வருஷமா இப்படி ஒரு கையைப் பாக்கலையாம்.”

“பாத்தியா!” என்று அப்பா தொடையில் தட்டினார். “நாம பண்ணினதைத்தான் மெச்சியிருக்காங்க. பரிசு?”

“பரிசு இல்ல. அந்தக் கிழிசல் எல்லாம் நான் பண்ணினதுப்பா. நாலு மாசம். வேஷமே அதுதான். அதைத்தான் அங்க காட்டணும்.”

அம்மா என்னையே பார்த்தாள். “நீயா?” என்றாள். “அதான! நானும் இவர்கிட்ட சொன்னேன், பதினொண்ணும் ஒரே கை, கீறிட்டு உப்புக்காகிதம் போட்டுத் தேச்சிருக்குன்னு. உன் ஆபீஸ்ல எவளோ வயித்தெரிச்சல்ல பண்ணிட்டா, வெளிய சொல்ல முடியாம இது பூட்டு கேக்குதுன்னு நினைச்சோம். கொட்டாவி விடுவாளே, அவ மேலதான் எனக்குச் சந்தேகம்.”

“அவ இல்லம்மா. நான்.”

“எதுக்குக் கண்ணு? துணி மேல என்ன கோவம்?”

மூன்று வருடம் படித்து வாங்கிய டிகிரியில் இதற்கு ஒரு வரி இல்லை. அட்டையை நீட்டினேன்.

“அந்த மேடம் உன்னை வேலைக்கு வந்து பாக்கச் சொன்னாங்க.”

“என்னையா?” அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கேட்டீங்களா! நான் போயிட்டா லைன்ல யாரு பாப்பா? ஓட்டைச் சட்டை எல்லாம் கப்பலேறிடும்.” அட்டையின் கனத்தை விரலால் பார்த்தாள். இரண்டாக மடித்தாள். இஸ்திரி மேஜையின் ஆடுகிற காலுக்குக் கீழே செருகிவிட்டு, மேஜையை அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. “நல்ல அட்டை” என்றாள்.

நான் எதற்காக நான்கு மாதம் கை புண்ணாகத் தேய்த்தேனோ, அது மேஜைக் காலுக்குக் கீழே இருந்தது. குனிந்து எடுக்கலாம். எடுத்து யாரிடம் கொடுப்பது? என் பெயர் அதில் இல்லையே.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். பித்தளைப் பூட்டு. என் உள்ளங்கையில் வைத்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

“எவளோ கைவைக்கறா, பூட்டித்தான் ஆகணும்னு நினைச்சேன். நேத்தே வாங்கிட்டேன். எனக்குப் பிடிக்கல. இருந்தாலும் வாங்கிட்டேன்.” ஒரு சாவியை எடுத்துப் பூட்டின்மேல் வைத்தார். “ரெண்டு சாவி. இது உனக்கு.”

இன்னொன்று அவருடைய வளையத்தில், வாசற்கதவுச் சாவிக்குப் பக்கத்தில், ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கும் ஒண்ணு போட்டிருக்கலாம்ல” என்றாள் அம்மா.

நான் அறைக்குள் போனேன். பையில் நான்கு செட் துணி, சான்றிதழ் கோப்பு, கம்பி பிரஷ், உப்புக்காகிதம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பை நிறைந்துவிட்டது. மேலங்கியை அப்பா மடித்ததுபோல மடிக்க எனக்கு வராது. அதனால் தோளில் போட்டு முன்னால் கொக்கியை மாட்டிக்கொண்டேன். பூட்டையும் சாவியையும் இஸ்திரி மேஜைமேல் வைத்தேன்.

“எங்க கிளம்பிட்ட?” என்றார் அப்பா.

“கொட்டாவி ரூமுக்கு. இனிமே அங்கதான் இருக்கப்போறேன். போன் பண்றேன்.”

“பூட்டுதான் வாங்கிக் குடுத்துட்டேனே!”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மா அவரைப் பார்த்தாள், பிறகு என் பையைப் பார்த்தாள். அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நின்றால் நின்றுவிடுவேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். இரண்டாவது வளைவில் அம்மாவின் குரல் மேலிருந்து வந்தது. உடைந்துபோன குரல்தான், ஆனாலும் வேலை வேலைதான்.

“கண்ணு, பின்னால தரையில இழுபடுது பாரு! அழுக்காயிடும், தூக்கிப் பிடி!”

நான் தூக்கிப் பிடிக்கவில்லை.